அமெரிக்கக் குடியேற்ற வரலாற்றைப் படிக்கும் முறை

(சங்கப் படிப்பகத்தில், தேர்வு எழுதவிருக்கும் மாணவரிடையே ஆற்றிய உரை)

 

பட்டம் பெற்றோரும் ஆசிரியப் பெருமக்களும் வீற்றிருக்கும் இவ்வவையில், பத்தாம் வகுப்புத் தேறியவுடன் இரயில்வே பணியில் சேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்சல் அலுவலகத்தில் எழுத்தராக இருந்துவரும் என்னைப் பேசப் பணித்தது நம் செயலாளரின் பெருந்தன்மை. நான் வரலாற்றுப் புலவன் அல்லேன். ஆயினும் இப்படிப்பகத்தில் தொலைநிலைக் கல்வி வழியாக இளங்கலை வரலாறு பயிலும் மாணவர் ஐவருக்கு, மாலைதோறும் நூலைப் பார்த்துக் கேள்வி கேட்கும் பணி சில திங்களாக எனக்கு வாய்த்திருக்கிறது. கேள்வி கேட்பவனும் விடையை அறிந்திருக்க வேண்டுமல்லவா? ஆகவே அவர்களோடு நானும் படித்து வருகிறேன். அந்த அளவே என் தகுதி.

அவ்வைவரையும் அச்சுறுத்தும் தாள் ஒன்று உண்டு. அது தொடக்க கால அமெரிக்க வரலாறு. கிளைவையும் ஹைதரையும் அறிந்த நம் பிள்ளைகளுக்கு வின்த்ராப், பிராட்ஃபோர்டு, மெட்டகாம் என்னும் பெயர்கள் வாயில் நுழைவதில்லை. பதின்மூன்று குடியேற்றங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆண்டு, ஒரு பட்டயம், ஓர் ஆளுநர் என்று மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. இந்நிலையில், தேர்வு முடியும்வரை ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை நிறுத்திவைத்தால் என்ன என்றொரு யோசனையும் சென்ற செயற்குழுக் கூட்டத்தில் எழுந்தது. அதைப் பற்றியும் இறுதியில் ஒரு சொல் சொல்வேன். முதலில் பாடத்திற்கு வருவோம்.

பதின்மூன்றையும் ஒரே பட்டியலாகப் படிக்காதீர்கள். மூன்று தொகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வடக்கே நியூ இங்கிலாந்து நான்கு: மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர், ரோட் ஐலண்ட், கனெக்டிகட். நடுவே நான்கு: நியூயார்க், நியூஜெர்சி, பென்சில்வேனியா, டெலாவேர். தெற்கே ஐந்து: மேரிலாந்து, வர்ஜீனியா, வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியா. முதலில் வேரூன்றியது 1607-இல் வர்ஜீனியா. இறுதியாகப் பட்டயம் பெற்றது 1732-இல் ஜார்ஜியா. இடையே ஓடிய காலம் 125 ஆண்டுகள். இந்தச் சட்டகம் மனத்தில் நின்றுவிட்டால் மற்றவை அதனதன் இடத்தில் போய் அமரும்.

அடுத்து, நான் அறிந்த தொழிலிலிருந்து ஓர் உபாயம் சொல்கிறேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு பொதியை ஏற்றுக்கொள்ளும்போது வே-பில் எழுதுகிறோம். அனுப்புபவர் யார்? பெறுபவர் யார்? உள்ளே இருக்கும் சரக்கு என்ன? கட்டணம் செலுத்தியவர் யார்? வழியில் சேதமானால் யார் பொறுப்பு, உடையவரா, இரயில்வேயா? இவ்வைந்தையும் எழுதாமல் எந்தப் பொதியும் வண்டியேறாது. வரலாற்று நூலில் ஒரு கப்பல் புறப்படும்போதெல்லாம் இதே ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். ஆண்டும் பெயரும் தாமே நினைவில் தங்கும். காரணமும் விளைவும் கூடவே வரும்.

வர்ஜீனியாவை எடுத்துக்கொள்வோம். 1606-இல் முதலாம் ஜேம்ஸ் மன்னரிடம் பட்டயம் பெற்ற இலண்டன் வணிகர் குழு ஒன்று, 104 ஆடவரையும் சிறுவரையும் அனுப்பியது. 1607 மே திங்களில் அவர்கள் ஜேம்ஸ்டவுனில் இறங்கினார்கள். அனுப்பியவர் பங்குதாரர், எதிர்பார்த்த சரக்கு பொன். பொன் கிடைக்கவில்லை. சதுப்பு நிலத்து நீரும் நோயும் பசியும் அவர்களை வாட்டின. 1609-10 குளிர்காலத்தில் உணவின்றி மடிந்தவர் போக ஜேம்ஸ்டவுனில் எஞ்சியவர் சுமார் 60 பேரே. அக்குடியேற்றத்தைக் காப்பாற்றியது புகையிலை. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பெற்ற வித்தை ஜான் ரால்ஃப் என்பார் 1612-ஐ ஒட்டி அங்கே பயிரிட்டார். இலண்டனில் அதற்கு நல்ல விலை கிடைத்தது.

புகையிலைக்கு நிலம் வேண்டும். நிலத்திற்கு ஆள் வேண்டும். இங்கேதான் நம் நான்காம் கேள்வி பயன்படுகிறது. 1618-இல் ஏற்பட்ட விதிப்படி, கடல் கடந்து வரும் ஓர் ஆளுக்கு 50 ஏக்கர் நிலம் வழங்கப்பட்டது. அந்நிலம் யாருக்கு? வந்தவனுக்கு அன்று, அவனுடைய கப்பல் கட்டணத்தைச் செலுத்தியவனுக்கு! கட்டணமில்லாத ஏழை ஆங்கிலேயன் நான்கு முதல் ஏழு ஆண்டுகள் உழைத்துக் கடன் தீர்ப்பதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தான். அவனைக் கொண்டுவந்தவன் நிலமும் பெற்றான், உழைப்பும் பெற்றான். ஒப்பந்தக் கூலி என்னும் சொல் நமக்குப் புதிதன்று. 1860-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ட்ரூரோ என்னும் கப்பலில் நெட்டாலுக்குச் சென்ற நம்மவரும் அவ்வகை ஒப்பந்தத்தில் கட்டுண்டவர்களே. அவர்களை நினைத்துக்கொண்டு இப்பகுதியைப் படியுங்கள், மறக்காது.

1619-ஆம் ஆண்டைத் தேர்வாளர் எவரும் விடுதல் கூடாது. அவ்வாண்டு ஜூலை இறுதியில் வர்ஜீனியாவில் மக்கள் பேராளர்களின் சபை முதன்முதலாகக் கூடியது. அடுத்த சில வாரங்களில், ஆகஸ்டு இறுதியில், பிடித்துவரப்பட்ட ஆப்பிரிக்கர் இருபதுக்குச் சற்று மேற்பட்டோர் அங்கே கரையிறக்கப்பட்டு, உணவுப் பண்டங்களுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டனர். மக்களாட்சியின் வித்தும் அடிமை முறையின் வித்தும் ஒரே கோடையில், ஒரே மண்ணில் விழுந்தன. 1662-இல், பிள்ளை தாயின் நிலையையே அடையும் என்று வர்ஜீனியச் சட்டம் விதித்தது. அடிமைத் தாயின் வயிற்றில் பிறந்த குழந்தை, தந்தை யாராயினும் அடிமையே என்பது அதன் பொருள். 1676-இல் பேக்கன் என்பார் தலைமையில் ஒப்பந்தம் முடிந்த ஏழை வெள்ளையரும் அடிமைகளும் சேர்ந்து கலகம் செய்தபின், தோட்ட முதலாளிகள் மேன்மேலும் அடிமை உழைப்பையே நாடினர். நட்டம் யார் பொறுப்பு என்னும் ஐந்தாம் கேள்விக்கு வர்ஜீனியா தரும் விடை இது. பயணத்திற்கு உடன்பட்டுக் கையெழுத்திடாதவர்கள் தலையில் முழு நட்டமும் விழுந்தது.

இனி வடக்கே செல்வோம். மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் இரு கூட்டத்தார் இங்கே உண்டு. 1620-இல் மேஃபிளவர் கப்பலில் பிளிமத்துக்கு வந்தவர்கள் பில்கிரிம்கள். அவர்களுள் முதன்மையானோர் இங்கிலாந்துத் திருச்சபையை விட்டே பிரிந்தவர்கள். 1630-இல் ஜான் வின்த்ராப் தலைமையில் மாசசூசெட்ஸ் விரிகுடாவுக்கு வந்த சுமார் 1,000 பேர் பியூரிட்டன்கள். திருச்சபையை விட்டு விலகாமல் அதைத் தூய்மைப்படுத்த விரும்பியவர்கள். பில்கிரிம்களுக்குக் கட்டணம் செலுத்தியவர்கள் இலண்டன் வணிகர்கள். அக்கடன் பல்லாண்டு அவர்களை அழுத்தியது. பியூரிட்டன்களோ தம் நிறுவனத்தின் பட்டயத்தையே கையோடு கொண்டு சென்றுவிட்டார்கள். அனுப்புபவரே பெறுபவராகவும் இருந்தால் எங்கள் வே-பில்லில் ‘செல்ஃப்’ என்று எழுதுவோம். மாசசூசெட்ஸ் அத்தகைய சரக்கு. அதனால்தான் அரை நூற்றாண்டுக் காலம், 1684-இல் அப்பட்டயம் பறிக்கப்படும்வரை, அம்மக்கள் ஏறக்குறையத் தம்மைத் தாமே ஆண்டுகொண்டனர்.

அவர்கள் கல்விக்கு அளித்த இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வந்திறங்கிய ஆறே ஆண்டுகளில், 1636-இல், பின்னாளில் ஹார்வர்டு எனப் பெயர்பெற்ற கல்லூரிக்கு அடிகோலினர். 1647-இல், ஐம்பது வீடுள்ள ஊர் எழுதப் படிக்கக் கற்பிக்கும் ஆசிரியரை வைக்க வேண்டும். நூறு வீடுள்ள ஊர் இலக்கணப் பள்ளி நடத்த வேண்டும் என்று சட்டம் செய்தனர். ஆயினும் மாற்றுக் கருத்துக்கு அங்கே இடமில்லை. மனச்சான்றின் உரிமையைப் பேசிய ராஜர் வில்லியம்ஸை 1635-இல் வெளியேற்றத் தீர்ப்பளித்தனர். அவர் அடுத்த ஆண்டு பிராவிடன்ஸ் என்னும் ஊரை நிறுவ, அதிலிருந்து ரோட் ஐலண்ட் பிறந்தது. 1692-இல் சேலம் என்னும் ஊரில் சூனியக் குற்றஞ்சாட்டி 19 பேரைத் தூக்கிலிட்டனர். நம் சேலத்துக்காரர் எவரும் மனம் வருந்த வேண்டா. அது வேறு சேலம்! (சிரிப்பு)

நடுப்பகுதிக் குடியேற்றங்களில் இரண்டை அறிந்தால் போதும், மற்றவை பின்தொடரும். டச்சுக்காரரின் நியூ ஆம்ஸ்டர்டாம் 1664-இல் ஆங்கிலேயர் கைக்கு மாறி நியூயார்க் ஆயிற்று. 1681-இல் வில்லியம் பென், தம் தந்தைக்கு மன்னர் பட்டிருந்த கடனுக்கு ஈடாகப் பென்சில்வேனியாவைப் பெற்று, பல சமயத்தாரையும் வரவேற்றார். பிற்காலத்தில் கோதுமை, ஜெர்மானியக் குடியானவர், குவேக்கர் ஆகிய மூன்று சொற்களைக் கொண்டே அப்பகுதியைப் பற்றி ஒரு நல்ல விடை எழுதலாம்.

தொலைவிலுள்ள நாடென்று எண்ணுகிறோம். ஆனால் நம் கரைக்கும் அக்கரைக்கும் அன்றே தொடர்பு இருந்தது. பாஸ்டனில் 1649-இல் பிறந்த எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். சென்னையில் வணிகத்தால் பெருஞ்செல்வம் திரட்டியவர். அவர் 1718-இல் கனெக்டிகட்டிலிருந்த ஓர் ஏழைக் கல்லூரிக்கு ஒன்பது பொதிச் சரக்கையும் 417 நூல்களையும் மன்னரின் உருவப்படம் ஒன்றையும் அனுப்பினார். பொதிகளில் காலிக்கோவும் மசுலினும் இருந்தன. விற்றுவந்த பணம் 560 பவுனுக்கு மேல். நன்றியாகக் கல்லூரி அவர் பெயரை ஏற்றது. யேல் பல்கலைக்கழகத்தின் பெயருக்குப் பின்னே சென்னையில் ஈட்டிய பொருள் இருக்கிறது. அந்நாளில் சென்னைத் துறையிலிருந்து அடிமைகளும் கப்பலேற்றப்பட்டனர் என்பதையும் சேர்த்து அறிவதே முழு வரலாறு.

இன்னொரு தொடர்பு தேயிலை. 1773 டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். அத்தேயிலை சீனாவில் விளைந்தது. அனுப்பியது நம்மை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனி. 1770-இன் கொடிய பஞ்சத்தால் வங்காளம் பாழ்பட்டது, படைச்செலவு ஏறியது, இலண்டன் கிடங்குகளில் தேயிலை விலைபோகாமல் குவிந்தது. கடனில் மூழ்கிய கம்பெனியைக் கைதூக்கிவிட ஆங்கில நாடாளுமன்றம் 1773-இல் தேயிலைச் சட்டத்தை இயற்றியது. கம்பெனியின் இந்திய ஆட்சியைக் கட்டுப்படுத்தும் ஒழுங்குமுறைச் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. இந்திய வரலாற்றுத் தாளுக்குப் படித்த அந்த ஆண்டை இத்தாளிலும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இவ்வாறே, மேஃபிளவர் சென்ற 1620-இல்தான் தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவோடு டேனியர் தரங்கம்பாடியில் கால் வைத்தனர். தெரிந்த ஆண்டோடு தெரியாத ஆண்டை முடிந்து வைத்தால் அவிழ்ந்து போகாது.

தேர்வுக்கூடத்துக்குரிய சில குறிப்புகள். முதலாவது, தேதிகளில் இருவகை காண்பீர்கள். 1752 வரை ஆங்கிலேயர் பழைய நாட்காட்டியைப் பின்பற்றினர். 17-ஆம் நூற்றாண்டில் அது பத்து நாள் பின்தங்கி இருந்தது. அதனால் மேஃபிளவர் ஒப்பந்தத்தை ஒரு நூல் 1620 நவம்பர் 11 என்றும், மற்றொன்று 21 என்றும் கூறும். இரண்டும் சரியே, ஒன்றைப் பின்பற்றுங்கள். இரண்டாவது, மூல ஆவணம் ஒன்றையாவது படியுங்கள். 41 ஆடவர் கையெழுத்திட்ட அவ்வொப்பந்தம் அரைப் பக்கத்திற்குள் அடங்கும். அதைப் படித்தவன் விடைக்கும் படிக்காதவன் விடைக்கும் உள்ள வேறுபாடு திருத்துவோர்க்கு உடனே புலப்படும். மூன்றாவது, ஒப்பிடுக என்று வினா வந்தால் வடக்கு முழுவதையும் எழுதிவிட்டுப் பிறகு தெற்கை எழுதாதீர்கள். நிலம், தொழில், உழைப்போர், சமயம், ஊராட்சி என்று தலைப்பிட்டு, ஒவ்வொரு தலைப்பிலும் இரண்டையும் அருகருகே வையுங்கள்.

நான்காவதுதான் முதன்மையானது. படித்ததை நூலை மூடிவிட்டு வாய்விட்டுச் சொல்லுங்கள், தமிழில். சமையலறையில் இருக்கும் தாயாரிடம், ‘அம்மா, ஆளைக் கொண்டுவந்தவனுக்கு ஐம்பது ஏக்கர் கொடுத்தார்களாம், ஏன் தெரியுமா?’ என்று தொடங்குங்கள். அம்மா, ‘வந்தவனுக்கு ஒன்றுமில்லையா?’ என்று கேட்பார். அக்கேள்விக்கு விடை சொல்ல முடிந்தால் பாடம் உங்களுடையது. ஆங்கிலத்திலோ இந்தியிலோ மனப்பாடம் செய்த வாக்கியம் நடுவே ஒரு சொல் தவறினால் அப்படியே நின்றுவிடும். தாய்மொழியில் விளங்கிக்கொண்டது நிற்காது. எந்த மொழியில் எழுதச் சொன்னாலும் அந்த மொழியில் இறங்கி நடக்கும். இவ்வைவரிடமும் நான் கண்டது இதுவே.

இதனாலேயே ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை நிறுத்தும் யோசனையைப் பற்றி ஒரு சொல் சொல்ல விழைகிறேன். பெற்றோரின் கவலை எனக்கும் உண்டு. நானும் ஒரு மாணவியின் தந்தையே. ஆயினும் இப்பாடத்தில் நாம் படிப்பது என்ன? பில்கிரிம்கள் இங்கிலாந்திலிருந்து நேரே அமெரிக்காவுக்குச் செல்லவில்லை. 1608-இல் ஹாலந்துக்குச் சென்று, லைடன் நகரில் பத்தாண்டுக்கு மேல் வாழ்ந்தனர். அங்கே சமய உரிமை இருந்தது. உழைத்தால் கூழும் இருந்தது. பிறகு ஏன் புறப்பட்டார்கள்? கடும் உழைப்பு, முதுமை, போர் அச்சம் என்று காரணங்கள் பல. அவற்றோடு, பிள்ளைகள் தம்மை விட்டு விலகிப் போகின்றனர், நம் மொழியும் ஆங்கிலேயர் என்னும் பெயரும் மறைந்துவிடும் என்ற அச்சமும் இருந்ததை அக்குடியேறியோருள் ஒருவரான எட்வர்டு வின்சுலோ எழுதிவைத்திருக்கிறார். வேற்று மண்ணில் பிழைக்க வந்த பெற்றோரின் இக்கவலையை இம்மன்றத்தில் உள்ளோர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் வரலாறு அத்துடன் முடியவில்லை. அவர்கள் இறங்கிய கரையில் வாம்பனோவாக் மக்கள் வாழ்ந்தனர். 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோய் அவர்களுள் பெரும்பாலோரைக் கொண்டுபோயிருந்தது. எஞ்சியோர் வந்தவர்களோடு 1621-இல் நட்பு உடன்படிக்கை செய்துகொண்டனர். 54 ஆண்டுகள் கழித்து, நிலத்தை மேன்மேலும் இழந்த நிலையில், அன்று உடன்படிக்கை செய்த தலைவரின் மகன் மெட்டகாம் போருக்கு எழுந்தார், 1676-இல் கொல்லப்பட்டார். பிடிபட்டோர் பலர் மேற்கிந்தியத் தீவுகளுக்கு அடிமைகளாக விற்கப்பட்டனர். தம் மொழி அழியுமே என்றஞ்சிக் கடல் கடந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கிடையே, 19-ஆம் நூற்றாண்டில் வாம்பனோவாக் மொழி பேசுவாரின்றி மறைந்தது. தம் மொழியைப் பேணுவோர் பிறர் மொழியையும் மதிக்க வேண்டும் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டா. நாம் வாழும் இம்மாநிலத்து மொழியை நம் பிள்ளைகள் செவ்வனே கற்க வேண்டும் என்று நான் எப்பொழுதும் வற்புறுத்துவதும் இதனாலேயே.

அம்மொழியின் கதை அங்கேயும் முடியவில்லை. 1663-இல் ஜான் எலியட் என்னும் பாதிரியார், பழங்குடியினரின் துணையோடு விவிலியத்தை அம்மொழியில் பெயர்த்து அச்சிட்டிருந்தார். அமெரிக்க மண்ணில் முதன்முதல் அச்சான முழு விவிலியம் அதுவே. அச்சுக் கோத்தவர்களுள் வாவுஸ் என்னும் பழங்குடி இளைஞரும் ஒருவர். அந்நூலையும் பழைய நிலப் பத்திரங்களையும் கடிதங்களையும் துணைக்கொண்டு, ஜெஸ்ஸி லிட்டில் டோ பேர்டு என்னும் வாம்பனோவாக் பெண்மணி 1993 முதல் தம் மக்களின் மொழியை மீட்டெடுக்கும் பணியைத் தொடங்கினார். அதற்கென மொழியியலும் பயின்றார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் எவர் வாயிலும் ஒலிக்காத மொழியைக் குழந்தைகள் மீண்டும் பேசத் தொடங்கினர்.

அவர்கள் இழந்ததை மீட்க எத்தனை ஆண்டுகள், எத்தனை உழைப்பு! நமக்கோ அத்துன்பம் இல்லை. வாரத்தில் ஒன்றரை மணி நேரம் கொடுத்தால் போதும். அந்த ஒன்றரை மணி நேரம் தேர்வுக்கு இழப்பன்று என்பதே என் துணிபு. இத்தேர்வு முடியும்வரை தமிழ் வகுப்பில் இலக்கணத்தைச் சற்று ஒதுக்கி, மாணவர் ஒவ்வொருவரும் தாம் படித்த பாடத்தைப் பத்து நிமிடம் தமிழில் எடுத்துச் சொல்லட்டும். சிறுவர் கேள்வி கேட்கட்டும். வகுப்பும் நிற்காது, படிப்பும் நடக்கும். இத்திட்டத்தைச் செயற்குழுவின் ஆய்வுக்குப் பணிவுடன் வைக்கிறேன்.

மாணவச் செல்வங்களே, இரவு வெகுநேரம் விழித்து உடலைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். நுழைவுச் சீட்டையும் இரண்டு பேனாக்களையும் முதல்நாளே எடுத்து வையுங்கள். தேர்வு மையம் எங்கே என்று முன்னதாகப் பார்த்து வாருங்கள். நம் ஊர்வண்டிகள் எல்லா நாளும் நேரத்திற்கு வரும் என்று இரயில்வே ஊழியனாகிய நானே உறுதி கூற இயலாது! வினாத்தாளை இருமுறை படித்துவிட்டு எழுதத் தொடங்குங்கள். உங்கள் வெற்றியைக் கேட்க இச்சங்கம் காத்திருக்கிறது.